கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

1. பார்மட்

வேலு மூன்றாவது முறையாகத் தன் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெட்டியைப் பச்சை லைனிங் துணியில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைக் கொண்டுவருகிறவர் போல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. முதலாளி குமார் அண்ணன். வேலைக்கு நான் ஒருத்தி. இன்ஜினியரிங் முடித்து, இரண்டு கம்பெனிகளில் உட்கார முடியாமல் எழுந்து வந்து, ஸ்குரூடிரைவரோடு செட்டில் ஆனவள்.

"இன்னா சார், மறுபடியுமா?" என்றார் குமார் அண்ணன். என் பக்கம் திரும்பி, "ஜெசி, பார்மட் போட்டு வுடும்மா" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து பார்மட். மெஷின் ஸ்லோவா? பார்மட். சத்தம் வரவில்லையா? பார்மட். வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறாரா? அதற்கும் பார்மட். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் பெட்டி அன்றைக்குப் பிறந்த மாதிரி ஆகிவிடும். என்ன கோளாறு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேலுவின் பெட்டிக்கு ஏற்கெனவே இரண்டு முறை அது நடந்துவிட்டது. இரண்டு முறையும் கடையில் எல்லாம் அழகாக ஓடியது. வீட்டுக்குப் போனதும் பழைய கதை.

"முதல்லேருந்து சொல்லுங்க சார், என்னதான் பிரச்சினை?" என்று கேட்டேன். இதற்கு முன் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை என்பது அவர் முழித்த முழியிலேயே தெரிந்தது.

முப்பத்தைந்து வயது இருக்கும். ரங்கநாதன் தெருப் பக்கம் பிளவுஸ் பிட், லைனிங், புடவை ஃபால்ஸ் விற்கும் கடை அவருடையது. "சிரிக்கக் கூடாது மேடம். ஒரு கேம்" என்றார்.

கேமின் பெயரைச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது வீட்டு ஆள் மாதிரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு ஸ்ட்ராட்டஜி கேம். ஸ்கிரீன் முழுக்க உலக வரைபடம். அதில் உங்களுக்கு ஒரு நாடு. வரி, கப்பல், படை, அரச குடும்பத்துக் கல்யாணம், பக்கத்து நாட்டுக்காரன் பொறாமை, எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாடக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் பிடிக்கும். அதை ஒழுங்காக செட்டப் செய்வது அதற்கு மேல். அடிப்படை கேம், அதற்கு மேல் பின்னால் வந்த சேர்க்கைகள், அதற்கு மேல் ரசிகர்கள் எழுதிச் சேர்த்த மாட் என்கிற துணுக்குகள். வரிசை மாறினால் ராஜாவுக்கு மீசை இருக்கும், முகம் இருக்காது.

"நந்தனத்துல காலேஜ் படிக்கும்போது நானும் பாஸ்கரும் ஒரே கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி ஆடுவோம். இப்ப அவன் டொரண்டோல. போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல பேச்சு தீந்துடுது. 'அப்புறம் மச்சி?' 'நீதான் சொல்லணும்.' அவ்ளோதான். அதான் ஆன்லைன்ல சேர்ந்து ஆடலாம்னு பாத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ட்ரை பண்றோம். எனக்குக் கனெக்ட்டே ஆவல."

போனை எடுத்து பாஸ்கர் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "மச்சி, எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல மட்டும்தான்டா டைம். இங்க ஒரு கேங் இருக்கு, வாரா வாரம் ஆடுறானுங்க. ஒரு சீட் காலியா கீது, வான்றானுங்க. இந்த ஞாயிறும் உனக்கு வரலன்னா நான் அதுல சேந்துக்கறேன். தப்பா நெனச்சிக்காத."

வேலு போனை அணைத்தார். "தப்பா நெனச்சிக்காதன்னு அவன் என்கிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்ல மேடம்."

கடையில் ஓடுகிறது. வீட்டில் ஓடவில்லை. நாங்களோ பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறோம். அப்போதுதான் பொறி தட்டியது: கோளாறு வீட்டில் இருக்கிறது. இந்த மாதிரி கேமை வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் வீட்டுக்கே போய் செட்டப் செய்து, ஓட வைத்து, கையில் கொடுத்துவிட்டு வந்தால் என்ன?

"பார்மட் வேணாம்ணே. நான் வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

"கேம் போட்டுக் குடுக்கவா உங்கப்பா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சாரு?" என்றார் குமார் அண்ணன். "போ, போ. போயி அங்கயும் பார்மட்தான் போடப்போற."

2. ராகு காலம்

வெள்ளிக்கிழமை காலை, கேமை என் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது வேலுவின் அம்மா. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை.

"நீதான் மெக்கானிக்கா? பொம்பளப் பிள்ளையால்லா இருக்கு!" என்றார். "வா தாயி. பதினொண்ணே கால் ஆச்சு, இப்பம்தான் வாரியா?"

பதினொரு மணிக்குச் சரியாக வந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். லிப்ட் இல்லாததால் படியேறியதில் நேரம் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஹாலில் பெரிய சுவர்க் கடிகாரம். அதன் கீழே மாலை போட்ட படத்தில் வேலுவின் அப்பா சுப்பையா. கடையை ஆரம்பித்தவர். போய்ச் சில வருஷம் ஆகிறது.

வேலுவின் அறையில் நான் உட்கார்ந்ததும் அம்மாவும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டுக்கொண்டார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. மகன் அறையில் ஒரு பெண் வேலை பார்க்கும்போது வேறெங்கும் போய் உட்காருவதாக இல்லை என்று புரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பொதுவாக நான் போகும் வீடுகளில் அறையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மணிக்கணக்கில் பிராகிரஸ் பாரும் நானும்தான்.

ஹார்ட் டிஸ்கைச் செருகி, இன்ஸ்டால் பட்டனில் கை வைத்தேன்.

"ஏல வேலு, ராகு காலத்துலயா ஆரம்பிக்கச் சொல்லுத?"

"அம்மா, இது கேம்மா. கிரகப்பிரவேசமா?"

"நாடு பிடிக்கப் போறேன்னு நீதானல சொன்ன? நாடு பிடிக்கதுக்கு நேரம் பாக்காண்டாமா? முப்பத்தஞ்சு வயசுல ராஜா வேஷம் கட்டுதான், நேரம் மட்டும் பாக்க மாட்டானாம்."

பன்னிரண்டு வரை காத்திருந்தோம். நடுவில் மோர் வந்தது. சிபியு பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டது. ஹால் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ஸ்கிரீன் மூலையிலும் பன்னிரண்டு. மவுஸைப் பிடித்தேன்.

"இன்னும் பத்து நிமிசம் பொறு தாயி."

"பன்னெண்டோட முடிஞ்சுடும்ல ஆன்ட்டி?"

"முடியட்டும். பொறுங்கேன்லா."

பொறுத்தேன். சிலர் சர்ச் பூசையில் எல்லோரும் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் முட்டி போட்டே இருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி கூடுதல் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். கண் முன்னால் கிடந்த துப்பை நான் தாண்டிப் போனது அந்த இடத்தில்தான்.

3. நாலு எழுத்து

இன்ஸ்டால் முடிந்தது. அடுத்தது வெர்ஷன். கேம் தானாகவே புதிய வெர்ஷனுக்குத் தாவியிருக்கும். பாஸ்கரிடம் இருப்பதோ ஒரு படி பழையது. அதற்கு இறக்கினேன். பிறகு மாட்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினேன். இதில் சரியா தப்பா என்று சொல்ல ஒரு வசதி இருக்கிறது. முதல் பக்கத்தின் மூலையில் நான்கு எழுத்து வரும். செக்சம் என்போம். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் இரண்டு பேர் மெஷினிலும் அந்த நாலு எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் உலகம் ஒன்றல்ல. ஆளுக்கொரு உலகம் அவரவர் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி ஓடினால்தான் சேர்ந்து ஆடுகிறோம் என்று பெயர்.

பாஸ்கர் தன் நாலு எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். முதல் முறை பொருந்தவில்லை. ஒரு மாட் மேலே போக வேண்டும். இரண்டாம் முறையும் இல்லை. கடைசியில் பொருந்தியபோது வேலு என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"என்னல, நாட்டப் பிடிச்சிட்டியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா, எழுத்து ஒத்துப்போச்சு."

"சாதகம் பாக்கியா?"

மல்டிபிளேயர் பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று விழுந்தது. அனுமதி காலாவதி. அப்போதுதானே வாங்கினோம், அதற்குள் எப்படிக் காலாவதி?

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அதே எரர். என் போனை ஜன்னலோரம் வைத்து, அதிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தேன். அதே எரர். ஃபயர்வால், ஆன்டிவைரஸ், கேபிள், அக்கவுன்ட் பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். அதே எரர்.

கடைசியாக என் லேப்டாப்பைத் திறந்து அதே நெட்டில் அதே பட்டனை அழுத்தினேன். லாபி என்கிற காத்திருப்பு அறை உடனே திறந்துகொண்டது. என் பெயரும், கீழே வரிசையாகக் காலி இடங்களும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த கேமை நான் எத்தனை ராத்திரி ஆடியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அந்த மல்டிபிளேயர் பட்டனை என் மெஷினில் அழுத்தியது அன்றுதான் முதல் தடவை. கூப்பிட ஆள் இருந்தால்தானே அழுத்த? சாந்தோமில் எங்கள் வீடு. அக்காவின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போன அப்பாவும் அம்மாவும், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. "அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லம்மா, நீ சமாளிச்சுக்குவ" என்றார் அம்மா. சமாளித்துக்கொள்கிறேன். வேலை முடிந்து போய், ஒரு தட்டு கழுவி, கேமைத் திறப்பேன். எதிரே கம்ப்யூட்டரே ஓட்டும் நாடுகள். அவை தோற்றால் முகம் சுளிக்காது. ஜெயித்தால் கிண்டல் செய்யாது. நான் ஒரு பெரிய போரில் ஜெயித்த அன்று சமையலறை வரைக்கும் போய்விட்டேன், யாரிடமாவது சொல்லலாம் என்று.

ஆகவே நிலவரம் இது: வேலுவின் பெட்டி கடையில் ஓடுகிறது. என் லேப்டாப் வேலுவின் வீட்டில் ஓடுகிறது. வேலுவின் பெட்டி வேலுவின் வீட்டில் மட்டும் ஓடவில்லை.

வேலு கடைக்குக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. முகூர்த்த சீசன், சனிக்கிழமை மூச்சுவிட முடியாது. ஞாயிறு சாயங்காலத்துக்கு மட்டும் சித்தப்பா மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் தி.நகரில் ஒரு ஜவுளிக்காரர் கடையைவிட்டு வருகிறார் என்றால் அது எப்படிப்பட்ட ஏற்பாடு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

"வரலன்னா விடுங்க மேடம்" என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "அவனும் எத்தன நாள் வெயிட் பண்ணுவான்? பாவம்."

அவர் யாரைப் பாவம் என்றார் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

4. முதல் பூசை

ஞாயிறு விடிகாலை. அடிப்பதற்கு முன்பே அலாரத்தை அணைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாகப் பங்குக் கோயிலுக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. காலி பெஞ்சுகள், ஃபேன்கூடப் போடவில்லை. எப்போதும் இப்படித்தான். நான் போய் உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து என்னைச் சுற்றி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் அந்தோணி அண்ணன் மெழுகுவத்தியோடு வந்தார்.

"இன்னா ஜெசி, இன்னைக்கும் நீதான் ஃபர்ஸ்ட்டா? மணியே இன்னும் அடிக்கல, வந்து குந்திக்கினு கீற."

"வீட்டுல டைம் ஆயிடுச்சுன்னு காட்டிச்சுண்ணே."

"உங்கப்பா கடிகாரம்தான? அவரு ஸ்கூலு வாத்தியாரு, பத்து நிமிசம் ஃபாஸ்ட்டா வெச்சிக்கினு வீட்டையே இழுத்துக்கினு வந்துடுவாரு. அவரே ஊர்ல இல்ல. அத்தத் திருப்பி வையேன்."

"பழகிடுச்சுண்ணே" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன்.

பதினொண்ணே கால் ஆச்சு, இப்பம்தான் வாரியா. இன்னும் பத்து நிமிசம் பொறு தாயி.

ஹால் கடிகாரமும் ஸ்கிரீன் மூலையும் ஒரே மாதிரி பன்னிரண்டு காட்டின. இரண்டும் ஒத்துப்போனதால்தான் நான் சந்தேகப்படவே இல்லை. இரண்டும் சேர்ந்து தப்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்!

விஷயம் இதுதான். நம் மெஷின் வெளியே ஒரு சர்வரிடம் போய் நிற்கும்போது, இப்போது மணி என்ன என்றும் சேர்த்துச் சொல்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சர்வர் பொறுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று கதவைச் சாத்திவிடும். நாங்கள் கடையில் பார்மட் போடும்போதெல்லாம் விண்டோஸ் தானாகவே சரியான மணியை வைத்துக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் யாரோ கையால் முன்னே தள்ளியிருக்கிறார்கள்.

பூசை முழுக்க என் மனம் பூசையில் இல்லை. முடிந்ததும் வாசலுக்கு ஓடிவந்து வேலுவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அம்மா.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக் கடிகாரம் ஃபாஸ்ட்டா?"

"எங்க வீட்டுல எல்லாக் கடிகாரமும் ஒண்ணுபோலத்தான் ஓடும் தாயி. பத்து நிமிசம் கூட. ஏன்?"

"கம்ப்யூட்டர்லயும் அப்படி வெச்சது யாரு?"

"வேலுதான். பின்ன? அது மட்டும் வேற மணி காட்டுனா அவன் அப்பா வச்ச முறை என்னத்துக்கு ஆகும்?"

5. சுப்பையா கடை

சாயங்காலம் போனேன். ஆறரைக்கு பாஸ்கர் வருவார். அவருக்கு அப்போது காலை ஒன்பது. பெரிய வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். ஆட்டோமேட்டிக் டைம் என்று ஒரு பட்டன், தட்டினால் தீர்ந்தது.

"அதைத் தொடாத தாயி" என்றார் அம்மா.

குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குக் கை நின்றுவிட்டது.

"அவிய கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த வீட்டுல பத்து நிமிசம் முன்னதான். இந்தத் தெருவுல முதல்ல ஷட்டரத் தூக்குனது அவியதான். போறதுக்கு முந்துன நாளுகூட ஆஸ்பத்திரில என் வாட்ச்ச வாங்கிப் பாத்து, 'சரியா ஓடுதா'ன்னுதான் கேட்டாவ. ஒரு கடிகாரத்த மாத்துனா அப்புறம் ஒண்ணொண்ணா மாறிப்போவும்."

வேலு என்னைப் பார்த்தார். "இதுனாலதான் மேடம் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா மணிய மாத்திடுவேன். இதுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு மெதுவாக, "விட்டுடுங்க. நான் பாஸ்கர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றார்.

அவர் போனை எடுத்துவிட்டார். அம்மா கீரை ஏதும் இல்லாத வெறும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை.

"ஒரு நிமிஷம் சார். பேசாதீங்க, ரெண்டு பேரும்" என்றேன்.

மெஷினுக்குள் இரண்டு மணி இருக்கிறது. ஒன்று உள்ளே ஓடும் உலகப் பொது நேரம். சர்வர் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று நமக்கு மூலையில் காட்டும் நேரம். உள்ளே இருப்பதோடு ஊருக்கு ஏற்றபடி கூட்டிக் காட்டுவது. இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல்தான் டைம் ஸோன். ஊருக்கு ஊர் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டுக்கு ஒன்று இருந்தால் என்ன?

விண்டோஸின் அடிவயிற்றில் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு இடம். சாதாரணமாக யாரும் அங்கே கை வைக்க மாட்டோம். உள்ளே போனேன். இந்திய நேரத்தை ஒரு நகல் எடுத்தேன். ஐந்தரையை ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆக்கினேன். பெயர் கேட்டது.

"ஆன்ட்டி, உள்ள ஓடுற மணி சரியா ஓடும். வெளிய தெரியுற மணி உங்க வீட்டு மணிதான். பத்து நிமிஷம் அப்படியே இருக்கும். இதுக்கு ஒரு பேர் வைக்கணும். என்ன வைக்கட்டும்?"

அவர் எழுந்து ஸ்கிரீன் பக்கத்தில் வந்தார். "அவிய பேர வைக்கலாமா?"

டைம் ஸோன் பட்டியலைத் திறந்து காட்டினேன். சென்னை, கொல்கத்தா, மும்பை, டெல்லி என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில், ஐந்து நாற்பது, 'சுப்பையா கடை'. டோக்கியோ, லண்டன் எல்லாம் இருக்கிற அதே பட்டியல். அம்மா, சாமிக்குச் சந்தனம் வைத்த விரலால் தொட்டுப் பார்த்தார். ஸ்கிரீனில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. நான் துடைக்கவில்லை.

அந்த வரியைத் தேர்ந்து, ஆட்டோமேட்டிக் டைம் பட்டனையும் தட்டினேன். மூலையில் மணி மாறவே இல்லை. மல்டிபிளேயர் பட்டனை வேலுவையே அழுத்தச் சொன்னேன். வட்டம் சுற்றியது. லாபி திறந்தது. அதில் பாஸ்கர் என்ற பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"டேய்!" என்று ஸ்பீக்கரில் ஒரு அலறல். "வந்துட்டியாடா! நான் அந்த கேங்குக்கு மெசேஜ் டைப் பண்ணிக்கினு இருந்தேன்டா, பாவி!"

வேலு நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் பாஸ்கர் ஏதோ கணக்குப் போட்டு முணுமுணுப்பது கேட்டது. பிறகு சிரிப்பு. "மச்சி, உனக்கும் எனக்கும் ஒம்போதரை மணி நேரம் வித்தியாசம்னு இத்தன வருஷமா நெனச்சிக்கினு கீறேன். ஒம்போது நாப்பதாடா! அதான் எப்பப் பாத்தாலும் எனக்கு முன்னாடியே சாப்ட்டு முடிச்சிடறியா?"

வேலு சட்டென்று என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "மேடம், அப்போ வெள்ளிக்கிழமை நாம இன்ஸ்டால் அழுத்தினது ராகு காலத்துலயா? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அம்மாக்குக் காது கேக்கும்ல" என்றார், மறுபடி கதவோர நாற்காலிக்குப் போயிருந்த அம்மா. "அதுக்குத்தான பத்து நிமிசம் பொறுக்கச் சொன்னேன்? இந்த மணி கடைக்குப் போறவனுக்கு. சாமிக்கு நிசமான மணிதான். அவரையுமா ஏமாத்துவாவ?"

6. காலி நாடு

வேலு கடலோரம் ஒரு சின்ன நாட்டை எடுத்தார். முதல் காரியமாக நெசவுப் பட்டறை கட்டினார்.

"ராஜாவானாலும் துணிதான் விப்பியா?" என்றார் பாஸ்கர்.

"உனக்கு லைனிங் வேணும்னா சொல்லு, போருக்கு வரும்போது கொண்டாறேன்."

நான் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, வயரைச் சுற்றி, பையில் வைத்தேன். இந்த வேலையின் ஒரு குணம் இது. ஓடாத வரைக்கும் அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் வேண்டும். ஓட ஆரம்பித்த நொடியில் கிளம்ப வேண்டும். வேலு திரும்பி, "தேங்க்ஸ் ஜெசி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் பாஸ்கர் ஏதோ சொல்ல, கும்பிட்ட கையோடேயே ஸ்கிரீன் பக்கம் திரும்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன்.

அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்தார். "வீட்டுல எல்லாருக்கும் குடு" என்றார். சரி என்றேன்.

படி முழுக்க அவர்கள் சிரிப்பு கூடவே இறங்கி வந்தது. கீழே உஸ்மான் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊரே ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாகப் பை சுமந்துகொண்டு போனது. நான் எதிர்த் திசையில் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்ப விரலை வைத்தேன். திருப்பாமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா, திடீர்னு?" என்றார். ஒரு கம்ப்யூட்டரைச் சரி செய்த கதையை முழுக்கச் சொன்னேன். இடையில் பேத்தி அழுதாள். அவர் போனை வைக்கவில்லை. கடைசியில், "நம்ம கடிகாரம் சரியா ஓடுதா?" என்று கேட்டார். ஓடுதுப்பா என்றேன். பத்து நிமிடம் முன்னாலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பார்மட் போடும் முன் பெட்டியின் சொந்தக்காரரைப் பேசவிடுங்கள். கடையில் ஓடி வீட்டில் ஓடாத எதற்கும் மருந்து வீட்டில்தான் இருக்கும். வீட்டுக்குப் போங்கள். கதவோரம் யாராவது கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அவர்கள் சொல்வதையும் கேளுங்கள், முக்கியமாகப் பொறு என்று சொன்னால். குமார் அண்ணன் இன்னும் பார்மட் கட்சிதான். ஆனால் போன வாரம் அடையாறிலிருந்து ஒருவர் இதே மாதிரி கேமோடு வந்தபோது, "ஜெசி, இவரு வூட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாயேன்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வேலுவிடமிருந்து மெசேஜ். "ஜெசி, எங்க மேப்ல ஒரு தீவு நாடு காலியா இருக்கு. இப்ப கம்ப்யூட்டர்தான் ஓட்டுது. கேவலமா ஓட்டுது, மிளகு வச்சிக்கிட்டு விக்கத் தெரியாம உக்காந்திருக்கு. ஆட்டத்துக்கு நடுவுலயே சேரலாமாம். பாஸ்கர் உங்களக் கேக்கச் சொன்னான். ஞாயிறு ஆறரை. வர்றீங்களா?"

நாலு எழுத்தைச் சரிபார்த்துவிட்டேன், பொருந்துகிறது. அடுத்த ஞாயிறு என் லேப்டாப்பில் அந்தப் பட்டனை நான் இரண்டாம் முறையாக அழுத்திப் பார்க்கப்போகிறேன். இந்த முறை டெஸ்டுக்காக இல்லை. ஆறரை என்று அவர் சொன்னது எந்த மணிப்படி என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.